பூட்டிய ஆர்கனும் சாந்தசீலி அக்காவின் கல்யாணமும்

சாந்தசீலி அக்காவுக்குப் பெயரில்தான் சாந்தம். கல்லூரி முடித்த வருடத்திலிருந்து, தஞ்சாவூரில் எங்கள் சபைக்கு அவர்தான் ஆர்கன் வாசிக்கிறார். பாடகர் குழுவில் நான் அரைத் தாளம் பிந்தினாலும் அங்கிருந்தே ஒரு முறைப்பு வரும்.

கணவர் பைக் விபத்தில் போனபோது அக்காவுக்கு முப்பத்தொரு வயது. அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறே வாசிக்க வந்துவிட்டார்.

"கொஞ்ச நாள் வீட்ல இரும்மா" என்றார் சபைச் செயலாளர் வேதமுத்து.

"வீட்ல ஆர்கன் இல்லீங்களே" என்றார் அக்கா.

ஆர்கனுக்குக் காற்று ஊதும் மோட்டார் ஒருமுறை எரிந்துபோனது. வயல் மோட்டார்களுக்குச் செப்புக் கம்பிச் சுருள் கட்டும் தங்கையன் நீடாமங்கலத்திலிருந்து வந்து சரிசெய்தார். பிறகு நன்றாக ஓடுகிற மோட்டாரையும் அடிக்கடி பார்க்க வந்தார். அப்படியே கல்யாணம் முடிவானது.

உடனே வேதமுத்து சபை வழக்கத்தைக் கையில் எடுத்தார். விதவையின் மறுமணத்துக்கு மணி அடிக்கக் கூடாது, ஆர்கன் வாசிக்கக் கூடாது.

"ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் வாசிச்சேன். என் கல்யாணம் மட்டும் ஊமையா நடக்கணுமாங்க?" என்று கேட்டார் அக்கா.

வேதமுத்து ஆர்கன் மூடியைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போனார். அந்த மனுஷருடைய மகள் கல்யாணத்துக்குக் காய்ச்சலோடு வந்து வாசித்தவர் அக்கா.

கல்யாணத்தன்று அக்கா பட்டுப்புடவையோடு நேராக ஆர்கனிடம் போனார். கூடவே போன தங்கையன் கோட்டுப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மூடியின் கீல்களைக் கழற்றினார். வேதமுத்து எழுந்தார்.

"உட்காருங்கண்ணே, கல்யாணம் ஆரம்பிக்கப் போவுது" என்றார் அக்கா.

போதகர் வேதப்புத்தகத்தில் எதையோ மும்முரமாகத் தேடினார். அக்கா வாசிக்க, மாப்பிள்ளை வாசலுக்குப் போய், மணப்பெண் வரும் நடையில் தான் ஒருவராகவே நடந்து வந்தார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். ஆனால் மணி அடிக்கவில்லை. மணிக்கூண்டும் பூட்டியிருந்தது, அந்த இரும்புக் கதவுக்கு ஸ்க்ரூ டிரைவர் போதாது.

அக்காவை நீக்கிவிடுவதாக மிரட்டினார்கள். ஞாயிறு வந்ததும் வழக்கம்போல் வந்து உட்கார்ந்தார். எழுப்ப யாருக்கும் தைரியம் வரவில்லை.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். வேதமுத்துவின் அதே மகள் சின்ன வயதிலேயே புருஷனை இழந்தாள். இந்தத் தை மாதம் அவளுக்கு மறுமணம். வேதமுத்து ஆர்கன் அருகே வந்து நின்றார்.

"நீதாம்மா வாசிக்கணும்."

"வாசிக்கிறேன். மணி?"

"அது... சபையில பேசணும்."

"பேசுங்க. மணிச் சத்தம் கேட்டாத்தான் என் கை கட்டையில இறங்கும். உங்க பொண்ணுகிட்டயும் சொல்லிட்டேன். அதுவும் சரின்னுடுச்சு."

கல்யாண நேரம் வந்தது. மணப்பெண் வாசலில் நின்றாள். அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆலயம் முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. முன்வரிசையில் வேதமுத்துவின் இடம் காலியாக இருந்தது.

மணி அடித்தது. கயிற்றை இழுத்தவர் வேதமுத்து.