ரேகை தேய்ந்த விரல்கள்

ஓரிக்கைக்குப் போகும் பேருந்துக்காகக் காத்திருக்கிறேன். நிறுத்தத்தை ஒட்டிய ரேஷன் கடையில் வரிசை நகரவே இல்லை. வரிசையின் முன்னால் நிற்பவரின் கைரேகையை இயந்திரம் ஏற்க மறுக்கிறது. ஒவ்வொரு விரலையும் லுங்கியில் துடைத்துத் துடைத்து வைக்கிறார். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு விளக்கு எரிகிறது.

"என்ன வேலைங்க?" என்று கேட்கிறேன்.

"சாயப்பட்டறைப்பா. பட்டு நூல கொதிக்கிற சாயத்துல கையால அலசிக்கினே இருக்கணும். வுட்டா திட்டுத் திட்டா ஆயிடும். ரேகையெல்லாம் எப்பவோ போயிடுச்சு."

கடைசியாக இடது ஆட்காட்டி விரலை வைக்கிறார். சாயக்கறைக்கு நடுவிலும் அதில் தேர்தல் மை தனியாகத் தெரிகிறது. அதற்கும் சிவப்பு விளக்குதான்.

"மை வெக்க மட்டும் இந்த விரல் ஆவுது" என்று முனகுகிறார்.

எதிர் டீக்கடைத் தொலைக்காட்சியில் ஒரு கதாநாயகன் ஏழைகளின் பசியைப் பற்றி முழங்குகிறான். வரிசையே திரும்பி அவனைப் பார்க்கிறது. எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

கடைக்காரர் தணிந்த குரலில் சொல்கிறார்: "கார்டுல பேர் இருக்கிற வேற யாரையாவது கூட்டினு வாங்கண்ணே."

சாயப்பட்டறைக்காரர் காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொள்கிறார்.

"யாரப்பா கூட்டினு வர்றது? எங்க வூட்ல எல்லார் கையும் அதே சாயத்துலதான் ஊறிக்கினு இருக்குது."