ஜஸ்ட் மிஸ்

பிள்ளைகளே, பள்ளிக்கூட பஸ் போய்விட்டால் நீங்கள் "மிஸ் பண்ணிட்டம்" என்று சொல்வீர்கள். கைக்கு வர வேண்டியது தவறிப்போனால் சொல்கிற இங்கிலீஷ் சொல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இன்று அதை ஒருவர் சொன்ன இடத்தைக் கேளுங்கள்.

வெள்ளவத்தை ஸ்டேஷனில் நிற்கிறேன். கடலோரமாக இரட்டைத் தண்டவாளம். சனங்கள் அதையே குறுக்குப் பாதையாக்கி வீட்டுக்கு நடக்கிறார்கள். பேக்கரியில் வாங்கிய பாண் பையோடு ஒருவர் போகிறார். பின்னால் ரயில் வர, மற்றத் தண்டவாளத்துக்கு மாறி நின்று, திரும்பி அதையே பார்க்கிறார். அவருடைய முதுகுப் பக்கமாக, அவர் நிற்கிற தண்டவாளத்திலேயே, அடுத்த ஸ்டேஷனான தெஹிவளையிலிருந்து இன்னொரு ரயில் வருகிறது. அலைச் சத்தத்தில் அவருக்கு அது கேட்கவில்லை.

"ஐயோ, பின்னால பாருங்கோ!" என்று கத்துகிறேன்.

பாய்கிறார். பாண் பை பறக்கிறது.

ரயில்கள் போனதும் ஓடிப்போய்ப் பார்க்கிறேன். கல்லுகளுக்குள்ளிருந்து எழும்பி, காற்சட்டையைத் தட்டிக்கொண்டு சிரிக்கிறார்.

"ஜஸ்ட் மிஸ், அண்ணே."

"என்ன தம்பி, உயிரெல்லோ போகப் பாத்தது! பஸ்ஸை விட்ட மாதிரிக் கதைக்கிறீங்கள்?"

"இஞ்ச இது வழமை அண்ணே. பாண் போயிட்டுது எண்டு தெரிஞ்சா, வீட்டில மனுசிதான் என்னைக் கொல்லுவா."

சொல்லிவிட்டு அதே தண்டவாளத்தில் மறுபடி நடக்கிறார். அவர் தன் வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பும்வரை, என் ரயிலிலும் ஏறாமல், அவருக்காக நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.