ஆளைப் பார்க்காதீங்க, சின்னத்தைப் பாருங்க

எங்கள் வீட்டுக்காரர் எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை எம்.எல்.ஏ.வாக இருந்தார். அதுவும் எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. ஆளுங்கட்சிக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் காரியத்தை முடித்துக்கொண்டு திரும்புவார்கள். பாப்பாரப்பட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் டீ குடித்துவிட்டுத் திரும்பினார்கள். ரேஷன் கார்டு, போர்வெல், பஸ், வேலை மாறுதல் என்று விடிந்ததும் வாசலில் ஆள் நிற்கும். அவர் ஒவ்வொருவரையும் உட்கார வைத்துக் கேட்டு, உடனே ஆபீசருக்குப் போன் போடுவார். "பாக்கலாங்க" என்பார் ஆபீசர். பதவிக் காலம் முழுவதையும் அந்த ஒரு "பாக்கலாங்க"வை வைத்துக்கொண்டுதான் ஓட்டினோம். அவருக்கு இலாகா எதுவும் இல்லை. எனக்கு டீ இலாகா இருந்தது.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருக்குக் கட்சிதான் எல்லாம். கடத்தூர் சந்தைச் சுவரிலிருந்து இண்டூர் பக்கத்துக் களத்துமேட்டுச் சுவர் வரை, கட்சிச் சின்னத்தை அவரே காவி டப்பாவும் பிரஷ்ஷுமாகப் போய் வரைந்திருக்கிறார். சின்னம் எதுவென்று எழுதினால் கட்சி தெரிந்துவிடும், வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டே வரைவார் என்பது மட்டும் உண்மை. நான் பிறந்த ஊரில் அந்தச் சின்னத்தை முதன்முதலில் கொண்டுவந்து வைத்தவரும் அவர்தான். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களைக் கூட்டி உட்கார வைத்து, ஓட்டுச் சீட்டு மாதிரி ஒரு தாளைக் காட்டிப் பாடம் நடத்துவார். "ஆளப் பாக்காதீங்க, பேரப் பாக்காதீங்க. சின்னத்தப் பாருங்க. பாத்ததும் குத்துங்க." மாட்டுக்குப் பழக்குவது மாதிரி பழக்குகிறீர்களே என்று நான் கேலி செய்வேன். எலெக்ஷன் அப்படித்தான் என்பார்.

நான் பிறந்த ஊர் இண்டூரைத் தாண்டி ஓர் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. தார் ரோடு, ஆஸ்பத்திரி, ஓட்டுச் சாவடி எல்லாம் இந்தப் பக்கம். மழைக்காலத்தில் ஓடை நிறைந்துவிட்டால் ஊரே தனித்துப் போகும். அவர் ஜெயித்த வருடம் கார்த்திகையில் என் அண்ணன் மகளுக்குப் பிரசவ வலி எடுத்தது. கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள். தண்ணீர் வடியட்டும் என்று கரையில் காத்திருந்தபோது அங்கேயே குழந்தை பிறந்தது. தங்கவில்லை.

சில நாள் கழித்து அவளுடைய அம்மா, என் அண்ணி, எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்கு என் வீட்டுக்காரர் அண்ணன் முறை. டீயைக்கூடத் தொடவில்லை.

"ஒரு பாலம் கட்டிக் குடுங்கண்ணா. வேற எதுக்கும் இந்த வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

"கட்டிக் குடுக்கறேம்மா" என்றார் அவர். சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை.

எதிர்க்கட்சிக்காரர் பாலம் கட்ட முடியாது. பாலத்தைப் பற்றிச் சட்டமன்றத்தில் கேள்வி கேட்கலாம். அந்தக் கேள்வி பட்டியலில் ஏற வேண்டும், அதற்கு நாள் ஒதுக்க வேண்டும், அந்த நாளில் சபாநாயகர் எண்ணைக் கூப்பிடும்போது கேட்டவர் தன் இடத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். ஆனால் எழுந்து கேட்டால் அமைச்சர் சபையில் பதில் சொல்லியாக வேண்டும். சபையில் சொன்ன வார்த்தையைத் தட்டிக்கழிப்பது அவ்வளவு சுலபமில்லை என்பது அவர் நம்பிக்கை.

ஒரு வழியாக நாள் கிடைத்தது. அண்ணி தானும் வருவேன் என்றார். இரண்டு பேரும் மெட்ராஸுக்குப் போய், பாஸ் வாங்கி, பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தோம். பேசக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது என்று ஒரு காவலர் சொல்லிவிட்டுப் போனார். கீழே அவர் வேட்டியை நீவியபடி உட்கார்ந்திருந்தார். கேள்வி நேரம் தொடங்கியதும் அவருடைய கட்சித் தலைவர் எழுந்து வேறு ஏதோ பிரச்சினையை எடுத்தார். சத்தம் வந்தது. சபாநாயகர் மறுத்தார். தலைவர் துண்டை உதறிக்கொண்டு வெளியே நடக்க, அந்த வரிசை முழுவதும் எழுந்து பின்னால் போனது. இவரும் போனார்.

"அண்ணன் எப்பம்மா திரும்பி வருவாரு?" என்று அண்ணி என் காதில் கேட்டார். காவலர் முறைத்தார்.

கொஞ்ச நேரத்தில் அவருடைய கேள்வி எண்ணைக் கூப்பிட்டார்கள். காலி இருக்கை. அடுத்த எண், வேறு ஏதோ மாவட்டத்துத் தென்னை மரத்தில் விழுந்த நோயைப் பற்றியது. எனக்கு அவமானமாக இருந்தது. அண்ணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வெளியே போட்டோக்காரர்கள் முன்னால் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் அவர் விலகி வந்தார்.

"கேக்காமயே வந்துட்டீங்களேண்ணா" என்றார் அண்ணி.

"தலைவரு எந்திரிச்சா நாங்களும் எந்திரிக்கணும்மா. அதான் கட்சி."

மறுநாள் வந்து இறங்கினால் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் மேளம், பட்டாசு. பேப்பரில் படம் வந்துவிட்டதாம். மாலை போட்டவர்களில் ஒருவர் நான் பிறந்த ஊர்க்காரர். பாலம் கொடுக்காத அரசைக் கண்டித்துத்தான் வெளிநடப்பு என்று பக்கத்தில் நின்றவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அண்ணி இண்டூர் பஸ்ஸில் ஏறினார். அன்று சாப்பாடு போடும்போது நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். "வெளிய வந்தா மாலை கெடைக்குது. ஒரு நாளு உள்ளயே ஒக்காந்துதான் பாருங்களேன்." அவர் பாதியில் கையைக் கழுவினார்.

மறு வருடம் அதே கேள்வி மறுபடியும் வந்தது. அன்றைக்கும் தலைவர் எழுந்தார். இந்த முறை நான் அங்கே இல்லை, பல நாள் கழித்துத் துண்டு துண்டாக அவர் சொன்னதுதான். எல்லோரும் போய்விட்டார்கள், இவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். எதிர்வரிசையில் ஒருவர், "இந்தப் பக்கம் ஒரு சீட்டு காலியா இருக்குங்க" என்று கிண்டல் செய்தாராம். எண்ணைக் கூப்பிட்டதும் எழுந்து கேட்டார். பரிசீலனையில் இருக்கிறது என்று அமைச்சர் படித்தார். துணைக்கேள்வியில் இவர் கரையில் பிறந்த குழந்தையைப் பற்றிச் சொன்னார். அமைச்சர் தாளை ஓரமாக வைத்துவிட்டு, இந்த ஆண்டே எடுத்துக்கொள்கிறோம் என்றார்.

எடுத்துக்கொண்டார்கள். பாலம் வந்தது. திறப்பு விழாவுக்கு இவருக்கு அழைப்பு இல்லை, கல்வெட்டில் பேரும் இல்லை. நாங்கள் இன்னொரு நாள் போய்ப் பார்த்தோம். "சிமெண்ட்டு நல்லாத்தான் போட்டிருக்காங்க" என்றார்.

அடுத்த எலெக்ஷனில் கட்சி இவருக்குச் சீட்டுக் கொடுக்கவில்லை. தலைவர் எழுந்தபோது உட்கார்ந்திருந்தவருக்கு யார் கொடுப்பார்கள்? பேசாமல் இருந்திருக்கலாம். ரோஷத்தில் சுயேச்சையாக நின்றார். மேசை விளக்குச் சின்னம் கிடைத்தது. எங்கள் பக்கத்தில் மேசை விளக்கை யார் கண்டார்கள்? பாம்பு படமெடுத்த மாதிரி இருக்கிறது என்றார்கள். கட்சிக்காரர்கள் பழைய சுவர்களில் இவர் கையால் வரைந்த சின்னத்துக்கே புதுச் சாயம் பூசினார்கள்.

ஓட்டுப் போடுகிற அன்று மழை. ஓடை நிறைந்து ஓடியது. ஆனாலும் நான் பிறந்த ஊர் சனம் பூராவும் சாவடிக்கு வந்துவிட்டது. இவர் டெபாசிட் இழந்தார். அந்த ஊர்ப் பெட்டியில் அவருக்குப் பேருக்குச் சில ஓட்டுதான் விழுந்திருந்தது.

தான் சொன்ன சொல்லை மீறி அண்ணி வாசல்படி ஏறி வந்தார்.

"பாலத்து மேல நடந்து வந்துதாண்ணா எல்லாரும் ஓட்டுப் போட்டோம். முத்திரையை எடுக்கறப்ப உங்களத்தான் நெனச்சேன். சீட்டப் பிரிச்சா பழைய சின்னம் கண்ணுல பட்டுருச்சு. கை தன்னால அங்க போயிருச்சு. நீங்கதான அப்படிச் சொல்லிக் குடுத்தீங்க."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு வந்த கோபத்தில் டம்ளரை ணங்கென்று வைத்தேன். அந்தக் குழந்தையை மறந்துவிட்டீர்களா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அவர் சிரித்தார். ரிசல்ட் வந்த பிறகு அன்றுதான் சிரித்தார்.

"அழாதம்மா. எனக்கே ஒரு நிமிசம் கை அங்கதான் போச்சு."

ஒரு நிமிஷம்தானா என்று நான் இன்றுவரை அவரைக் கேட்கவில்லை.