உப்புப் பூத்த துணி

மகளுக்கு ஐந்து மாதம் ஆகியிருந்தபோது அவள் அம்மாவுக்குக் காசம் என்று சொல்லி பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். பிள்ளையைப் பக்கத்தில் விடக் கூடாது என்றார்கள். என் மனைவியின் அண்ணன் ஆஸ்பத்திரி வாசலிலேயே என் முன்னால் கையை நீட்டினார்.

"பிள்ளைய இங்கன தாரும். ஊர்ல வளரட்டும்."

ஆற்றுப் பாசனத்தில் நெல் போடுகிற குடும்பம். வீட்டில் மாடு உண்டு, பால் உண்டு, தூக்கி வைத்துக்கொள்ளப் பெண்கள் உண்டு. நியாயமாகப் பார்த்தால் கொடுத்திருக்கலாம். நான் கொடுக்கவில்லை.

பள்ளிக்கூடத்தை ஏழாம் வகுப்போடு விட்டவன் நான். கயத்தாறில் புரோட்டாக் கடை, பிறகு லாரியில் கிளீனர், கொஞ்ச காலம் பம்பாய், திரும்பி வந்து உப்பளம். எந்த ஊரிலும் கால் தரித்ததில்லை. பிள்ளை போய்விட்டால் வீட்டைப் பூட்டுவேன், பூட்டிவிட்டால் ஏதாவது ஒரு லாரியில் ஏறிவிடுவேன். இது எனக்குத் தெரியும். மச்சானுக்கும் தெரியும். மனைவி குணமாகி எழுந்து வரும்போது வந்து சேர ஒரு வீடு வேண்டுமென்றால் பிள்ளை என்னிடம் இருக்க வேண்டும். இதையெல்லாம் அவரிடம் சொல்ல முடியுமா? என் பிள்ளை என்னிடம் இருக்கட்டும் என்று மட்டும் சொன்னேன்.

"சரி வே மாப்ள. ஒரு மாசத்துக்குள்ள வந்து பாப்பேன். பிள்ள மேல ஒரு கீறல் கெடந்தாலும் தூக்கிட்டுப் போயிருவேன். பெறகு நீரு எந்த லாரில வேணும்னாலும் ஏறும்."

அப்போது எனக்குத் தூத்துக்குடியில் தண்ணிப் படகில் வேலை. பெரிய கப்பல்கள் கரைக்கு வராமல் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நின்ற காலம். அவற்றுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோய்க் குழாய் மாட்டி ஏற்றுவோம். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரே முற்றமும் கிணறுமாக இருந்த எங்கள் வளவில் குடியிருந்த ஒரு அக்காவைக் கேட்டேன். அவள் புருஷன் கொழும்புத் தோணியில் போகிறவர்; பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். அக்கா ஒத்துக்கொண்டாள். ஆனால் ஒரு நிபந்தனை.

"பால் கரைச்சுக் குடுப்பேன், தூங்க வைப்பேன். பீத்துணி மட்டும் அலசமாட்டேன், சொல்லிட்டேன். எம் பாயில ஒரு சொட்டு விழுந்துது, பிள்ளையத் தூக்கி உன் தோணில போட்டுருவேன்."

அந்த வாரம் ஒரு வெளிநாட்டுக் கப்பலுக்குத் தண்ணீர் ஏற்றினோம். அதன் கேப்டன் மனைவியையும் குழந்தையையும் கப்பலிலேயே வைத்திருந்தவர். அவர்கள் இறங்கி ஊருக்குப் போயிருந்தார்கள். குழந்தைச் சாமான்கள் ஒரு பெட்டியில் மிஞ்சிக் கிடந்தன. கப்பல் சமையல்காரர் அதை என்னிடம் தள்ளிவிட்டார். உள்ளே அடுக்கடுக்காகக் காகிதத்தில் செய்த கோவணங்கள். வெளியே மெல்லிய பிளாஸ்டிக், உள்ளே பஞ்சு மாதிரி ஏதோ, இடுப்பில் ஒட்டிக்கொள்ளப் பட்டை. ஈரமானால் கழற்றி எறிந்துவிடலாம், துவைக்க வேண்டாம்.

அக்கா ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பிள்ளை அழுதுவிட்டது. "சேசுவே! வெள்ளக்காரன் பீயத் தாள்ல பொட்டலம் கட்டுதான் பாரு!"

ஆனால் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. கப்பல் கோவணம் என்று பேர் வைத்தாள். பாய் நனையவில்லை, பிள்ளையும் நன்றாகத் தூங்கியது. பெட்டி இருந்தவரை எங்களுக்குள் ஒரு சண்டையும் இல்லை.

பெட்டி காலியானது. அடுத்தடுத்து வந்த கப்பல்களில் கேட்டேன். சைகையில் கேட்டதைப் பார்த்து எனக்கே வேண்டுமென்று நினைத்துக்கொண்டு சிரித்தார்கள். வேறு வழியில்லை, துணிதான். துறைமுகத்தில் மைதா மாவு வந்த வெள்ளைச் சாக்குகள் கிடைத்தன. கெட்டியான பருத்தி. அதைக் கிழித்து, கப்பல் கோவணம் எப்படி இருந்ததோ அப்படியே மூன்று மடிப்பாக மடித்து, இடுப்பில் ஊக்கு குத்தி இறுக்கிக் கட்டினேன். சாக்கில் அச்சடித்திருந்த நீல எழுத்து பிள்ளையின் பின்பக்கத்தில் வந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்கு அப்படிப் பகல் முழுக்கக் கட்டிவைக்கிற வழக்கம் கிடையாது. அடியில் ஒரு பழந்துணியைப் போட்டு அம்மணமாக விட்டுவிடுவார்கள். நான் காகிதத்தில் பழகியவன், துணியையும் காகிதம் மாதிரியே கட்டினேன். அக்காவுக்கும் அவள் பாய் முக்கியம்.

வேலை முடிந்து வந்து வளவுக் கிணற்றில் தண்ணீர் இறைத்து எல்லாத் துணியையும் நானே அலசிக் கொடியில் போடுவேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். அது எனக்குப் பெரிதில்லை. புரோட்டாக் கடையில் நான் கழுவாத பாத்திரமா?

சில நாளில் பிள்ளையின் தொடையிடுக்கு சிவந்தது. சூடு என்றார்கள். வேப்பெண்ணெய் தடவினேன். சிவப்பு பரவி, தோல் உரிந்து, புண்ணாயிற்று. பால்பொடி சேரவில்லை என்றாள் ஒருத்தி. கண்ணேறு என்றாள் இன்னொருத்தி. பாலை மாற்றினேன், மிளகாய் சுற்றிப் போட்டேன். எதுவும் கேட்கவில்லை. துணியை அவிழ்க்கும்போது அது தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு அழும். சத்தம் வரக் கொஞ்ச நேரமாகும். அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு மச்சானின் கை தெரியும், ஆஸ்பத்திரி வாசலில் நீட்டினாரே, அந்தக் கை.

எனக்கு அக்கா மேல் சந்தேகம் விழுந்தது. நான் கடலில் இருக்கும்போது இவள் ஈரத்துணியை மாற்றாமல் போட்டுவைக்கிறாள். ஒருநாள் சாயங்காலம் கேட்டேவிட்டேன்.

"பகல் பூரா நனைஞ்ச துணியோட கெடக்கா போல. வேளாவேளைக்கு மாத்தினா இப்படிப் புண்ணு வருமா?"

அக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தாள். "என்னலே சொன்ன? எம் புள்ளையள நான் இப்படியா வளத்தேன்?" நேரே கொடிக்குப் போனாள். மத்தியானம் காய்ந்து அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்த துணி ஒன்றை உருவி என் முகத்தில் அடித்தாள். "இந்தா, இத எந்தப் பிள்ள கட்டியிருந்துது? தொட்டுப் பாரு. இதுவும் நானா நனைச்சேன்?"

துணி ஈரமாக இருந்தது. வெயிலில் காய்ந்த துணி, யாரும் தொடாமல் கொடியிலேயே ஈரமாகியிருந்தது. அடித்த அடியில் உதட்டில் பட்டிருந்தது. நாக்கு தானாக அதைத் தடவியது. உப்பு.

உப்பளத்தில் வேலை பார்த்தவன் நான். பாத்தியில் நிற்கிறவரை காலில் விழுந்த வெடிப்பு ஆறாது. மூட்டை கட்டி வைத்த உப்பு கடல்காற்று பட்டால் கசியும். இரண்டும் எனக்குத் தெரிந்த சங்கதிதான். கிணற்றுத் தண்ணீர் உப்பு என்பதும் வளவில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதில் துவைத்த சட்டையைத்தான் எல்லோரும் போட்டார்கள். ஆனால் சட்டையை யாரும் மூன்றாக மடித்துத் தொடையிடுக்கில் இறுக்கிக் கட்டி வைப்பதில்லை. அலச அலசத் துணி உப்பைக் குடித்திருந்தது. காய்ந்தால் அரம், காற்று பட்டால் ஈரம்.

அக்காவிடம் காட்டினேன். அவளும் நுனியை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு மாதாவைக் கூப்பிட்டாள். கோபம் மட்டும் இறங்கவில்லை.

"சரி, நல்ல தண்ணில அலசணும். நல்ல தண்ணிக்கு எங்க போவ? பைப்பு ஒருநாள் விட்டு ஒருநாள் வருது, கஞ்சி வைக்கவே காணாது. பீத்துணிக்குன்னு சொல்லி எவகிட்டப் போய்க் கொடத்த நீட்டுவ?"

நான் வேலை பார்த்ததே தண்ணீரில்தான். தொட்டி தொட்டியாக நல்ல தண்ணீர் என் கை வழியாகக் கப்பலுக்கு ஏறியது. ஆனால் அது அளந்து சீல் வைத்த தண்ணீர். தொட்டால் வேலை போகும். படகின் செராங்கிடம் சங்கதியைச் சொன்னேன். படகை ஓட்டுகிற அவர் காயல்பட்டினத்துக்காரர், பேத்தி எடுத்தவர்.

"ஏத்தி முடிஞ்ச பெறகு குழாய்ல நிக்கிறது கடலுக்குத்தானே போவுது? அதப் புடிச்சுக்கோ. அல்லா ஒண்ணும் சொல்லமாட்டான்" என்றார்.

ஆனால் அந்த வாரம் பார்த்துக் கப்பல் வரவில்லை. தினமும் படகில் ஏறி வெறும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, பிள்ளையைப் பழந்துணியில் அம்மணமாகக் கிடத்தினாள். திட்டிக்கொண்டேதான் கிடத்தினாள். புண் கொஞ்சம் உலர ஆரம்பித்தது. இன்னும் சில நாள் கிடைத்தால் போதும் என்று இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான் வந்துவிட்டார். அக்கா மாதா கோயிலுக்குப் போயிருந்தாள். பிள்ளை குப்புறக் கிடந்தது. அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தார்.

"இது என்ன வே?"

சொன்னேன். சாக்குத் துணி, கிணறு, உப்பு எல்லாவற்றையும் சொன்னேன்.

"தண்ணில உப்பாம். ஊரே அதுலதான குளிக்குது? எல்லாவன் சூத்தும் புண்ணாவா கெடக்கு?" பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அது பழக்கமில்லாத தோளானாலும் பேசாமல் சாய்ந்துகொண்டது. "துணிமணிய எடும். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

சொன்ன சொல்படிதான் அவர் செய்தார். பால் டப்பாவைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போது அக்கா தலையில் போட்ட முக்காட்டோடு வாசலில் வந்து நின்றாள். ஒரு பார்வையிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"தூக்கிட்டுப் போங்க அண்ணாச்சி. தாய்மாமன், ஒங்களுக்கில்லாத உரிமையா? ஒண்ணே ஒண்ணு. இன்னைக்குப் பைப்பு வருது. போகுத வழிக்கு அதுக்கு ரெண்டு துணியாவது நல்ல தண்ணில அலசிக் கட்டணும். ஒரு கொடம் புடிச்சுக் குடுத்துட்டுப் போங்களேன்."

"ஒரு கொடந்தான?" என்றார் மச்சான். ஊரில் வீட்டு வாசலிலிருந்து நாலு எட்டு வைத்தால் வாய்க்காலில் நிற்கிறவர். பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டுக் குடத்தை வாங்கிக்கொண்டு போனார்.

பஸ் நேரம் தாண்டியது. போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். "நீ இரு" என்றாள் அக்கா. தெருமுனைப் பைப்படியிலிருந்து பெண்களின் சத்தம் மட்டும் வந்தது. "எந்த ஊரு மாமா? ஊர்ல பொம்பளயளே கெடையாதா?" "ஏளா, அவரு கொடத்தப் பின்னால தள்ளு. மீச வச்சிருந்தா முன்னால வந்துரலாமா?" அவர் குரல் ஒருமுறை உயர்ந்தது. பிறகு கேட்கவேயில்லை.

முக்கால் குடத்தோடு திரும்பி வந்தார். சட்டை தோளில் கிழிந்திருந்தது. கொடியிலிருந்து துணிகளை அவரே உருவி அந்தத் தண்ணீரில் போட்டார். முதல் தண்ணீரை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு மறுபடி அலசினார். ஒரு துணியை மட்டும் அலசாமல் கொடியிலேயே விட்டார். நம்பாத மனுஷன்.

சாயங்காலம் வரை இருந்தார். வெயிலில் எல்லாம் காய்ந்தது. பிறகு கடல்காற்று எழுந்தது. அவர் கொடிக்குப் போய் அலசிய துணியை ஒரு கையிலும் அலசாததை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் அக்காவும் வாசலில் நின்றோம். பிள்ளை அவள் இடுப்பில் இருந்தது. கடைசி பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டிய நேரம்.

ஈரம் கசிந்திருந்த அலசாத துணியைக் கீழே போட்டுவிட்டு மற்றதை என்னிடம் நீட்டினார். "இறுக்கிக் கட்டாதயும் வே. வார ஞாயித்துக்கெழம வாரேன். ஆறலைன்னா ஒரு வார்த்த கேக்கமாட்டேன், தூக்கிட்டுப் போயிருவேன்." பிள்ளையைத் தொடாமல் போனார்.

செவ்வாயன்று ஒரு கப்பல் வந்தது. குழாயிலிருந்து வழிந்த தண்ணீரை டின்னில் பிடித்துக்கொண்டு வந்தேன். ரப்பர் வாடை அடித்தது, உப்பில்லை. ஊக்கு குத்தவில்லை, அடியில் மட்டும் போட்டோம். அக்கா தானாகவே ஒருநாள் இரண்டு துணியை அலசிப் போட்டிருந்தாள். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு மச்சான் இரண்டு கையிலும் மண்ணெண்ணெய்த் தகரங்களோடு வந்தார். வாழைச் சருகால் வாய் அடைத்திருந்தது. பஸ்ஸின் மேலே போடமாட்டேன், கூடவேதான் வைத்துக்கொள்வேன் என்று கண்டக்டரோடு சண்டை போட்டாராம். வழியெல்லாம் தளும்பி வேட்டி நனைந்திருந்தது. உள்ளே வந்து பிள்ளையைக் கவிழ்த்துப் பார்த்தார். புண் வாய் மூடிப் புதுத் தோல் வந்திருந்தது. ஓரத்தில் ஒரு இடம் மட்டும் இன்னும் சிவப்பு. அதை விரலால் தொட்டார். பிள்ளை அழவில்லை, அவர் மீசையைப் பிடித்தது.

நான் பால் டப்பா பக்கம் பார்க்காமல் நின்றேன்.

"ஆத்துத் தண்ணி" என்று தகரத்தைக் காட்டி அக்காவிடம் சொன்னார். "தகரத்த மட்டும் திருப்பித் தந்துரும்மா. அடுத்த வாரத்துக்கு வேணும்."