வலிக்குத் தேதி கேட்ட டாக்டர்

பினாங்கில் ஆயர் ஈத்தாம் சந்தைக்கு எதிர்வரிசையில், பூட்டுச் சாவிக் கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது டாக்டர் திருநாவுக்கரசின் கிளினிக். இருமல் என்று உள்ளே போனவர்கள் இருமலை மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்ததாகச் சரித்திரமே இல்லை. மாமியாரோடு எப்போது பேச்சு நின்றது, பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியார் அடித்தார், கல்யாணத்தன்று யார் கோபித்துக்கொண்டு போனார் என்று சகலத்தையும் ஒப்பித்துவிட்டுத்தான் மருந்துப் பையை வாங்க வேண்டும். ஊரில் அவருக்குத் 'தேதி டாக்டர்' என்று பேர்.

பேர் சும்மா வரவில்லை. எப்போதிலிருந்து வலிக்கிறது என்று எல்லா டாக்டரும்தான் கேட்கிறார்கள். "ஒரு வாரமா" என்றால் மற்றவர்களுக்குப் போதும். திருநாவுக்கரசுக்குப் போதாது. தேதி வேண்டும். தேதி கிடைத்தால், அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது என்று வேண்டும். சொன்னதை மஞ்சள் அட்டையில் எழுதி, பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார். இருபத்தாறு வருடத்தில் பதினோரு டின் நிறைந்துவிட்டது. பிஸ்கட் தின்றவர்கள் அவர் வீட்டுக்காரியும் பிள்ளைகளும். டின் வேண்டும் என்பதற்காகவே தின்ன வைக்கப்பட்டார்கள் என்று அந்த அம்மாளுக்கு இன்றைக்கும் ஒரு குறை உண்டு.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் ஒரு லாரி ஓட்டுநரின் வயிறு. திருநாவுக்கரசு அரசாங்க ஆஸ்பத்திரியில் இளம் டாக்டராக இருந்தபோது, ராமசாமி என்ற அந்த மனிதர் வருடா வருடம் தீபாவளிக்கு முதல் வாரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து விழுவார். குழாய் விட்டுப் பார்த்தார்கள், படம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. பலகாரம் தின்றுவிட்டு வருகிறான் என்று தாதிகள் சிரித்தார்கள். திருநாவுக்கரசு ஏதோ பேச்சுவாக்கில், "தீபாவளிக்குப் பிள்ளைகள் எல்லாம் வந்துட்டாங்களா?" என்று கேட்டார். மனிதர் ஓவென்று அழுதுவிட்டார். மூத்த மகன் ஒரு தீபாவளிக்கு முதல் நாள் அப்பனோடு சண்டை போட்டு வீட்டைவிட்டுப் போனவன், திரும்பவே இல்லையாம். அழுது முடித்ததும் ராமசாமி ஒரு தட்டு கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அன்றைக்குப் பிடித்தது அவருக்கு இந்தப் பித்து. மனசில் பட்ட அடி உடம்பில் எங்கே போய்த் தங்குகிறது என்று தேடிக்கொண்டே கிழவராகிவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, பல பேருக்கு நல்லதும் நடந்தது. எத்தனையோ ஆஸ்பத்திரி ஏறி இறங்கியும் தீராத தலைவலி, மூச்சடைப்பு, நெஞ்சுப் படபடப்பு அவரிடம் வந்து பாதியாவது குறைந்தது. ஆனால் நல்லது நடக்கிற இடத்தில் கூட்டம் கூடும். கூட்டம் கூடினால் கெட்டிக்காரர்களும் வருவார்கள்.

கெட்டிக்காரர்கள் எம்சி கேட்டு வந்தார்கள். வேலைக்குப் போகாமல் இருக்க டாக்டர் எழுதித் தரும் அந்தத் துண்டுச்சீட்டு இல்லாவிட்டால் பினாங்கில் திங்கட்கிழமைகளை யாரால் தாண்ட முடியும்? காய்ச்சல் என்று சொன்னால் தேதி டாக்டர் வெப்பமானியை வாயில் வைத்துவிடுவார். சோகம் என்று சொன்னால் இரண்டு நாள் நிச்சயம். இதைக் கண்டுபிடித்தவன் ஷர்வின் என்ற கிடங்கு ஊழியன். அவனுடைய பெரியப்பா ஒருவரே மூன்று வருடத்தில் ஐந்து முறை இறந்தார். ஒருமுறை மாரடைப்பில், ஒருமுறை பாம்பு கடித்து, மற்ற முறைகள் எனக்கு மறந்துவிட்டன. ஒவ்வொரு முறையும் டாக்டர் கண் கலங்கி அட்டை எழுதினார்.

"டாக்டர், கதைக்காரங்களுக்கு ஒரு வரிசை, காய்ச்சல்காரங்களுக்கு ஒரு வரிசை போட்டுடலாமா?" என்று கேட்டாள் ஹாஜரா. பத்தொன்பது வருடமாக அந்த கிளினிக்கின் முன்மேசையில் உட்கார்ந்திருப்பவள். சூலியா தெருவில் பணமாற்றுக் கடை வைத்திருந்தவரின் மகள், கள்ள நோட்டை விரலால் தடவியே சொல்லிவிடுவாள். மனிதர்களையும் அப்படித்தான்.

"பொய் சொன்னாக்கூட, ஏன் அந்தப் பொய்யைச் சொல்றான்னு பாக்கணும் ஹாஜரா."

"எம்சிக்குத்தான் டாக்டர்."

டாக்டர் அதைக் கேட்காத மாதிரி தோளைத் தேய்த்துக்கொண்டார். வலது தோள். சில மாதமாகவே காதுக்கு மேல் தூக்க முடியவில்லை. தலை சீவுவதற்கு இடது கை. சட்டை போடுவதற்கு வீட்டுக்காரி. கேட்டவர்களுக்கெல்லாம், "பேட்மிண்டன் லா, பழைய அடி" என்பார்.

"உங்க ராக்கெட்டை உங்க மகன் கோலாலம்பூருக்குக் கொண்டுபோய் ஆறு வருஷம் ஆச்சே டாக்டர்" என்று ஹாஜரா ஒருநாள் சொன்னாள். அவர் நெற்றியைச் சுருக்கி, "அதான் சொன்னேனே, பழைய அடி" என்றார். பதினோரு டின் நிறைய ஊராரின் தேதிகள். தன் தோளுக்கு ஒரு தேதி கேட்க அவருக்குத் தோன்றவில்லை. ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே!

ஆகஸ்டு மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை குணாளன் போன் செய்தான். ஆயர் ஈத்தாமுக்குப் பின்பக்கம் இருந்த ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் ஆள் நிர்வாகம் அவன் கையில். அந்தத் தொழிற்சாலைக்குத் திருநாவுக்கரசுதான் பேனல் டாக்டர். அதாவது, தொழிலாளிகளுக்கு என்ன வந்தாலும் முதலில் இங்கேதான் வரவேண்டும் என்று ஒப்பந்தம். கிளினிக் வாசலில் பலகையே தொங்கியது.

"டாக்டர், லோகேஸ்வரின்னு ஒரு அம்மாவை அனுப்புறேன். வலது கை மடங்கலயாம். ஸ்பெஷலிஸ்ட்கிட்டப் போயி நரம்பு, எலும்பு எல்லாம் பாத்தாச்சு, ஒன்னும் இல்ல. நடிப்பு டாக்டர். 'நார்மல்'னு ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்க. வெள்ளிக்கிழமை முடிச்சுடுவோம்."

முடிப்பது என்றால் வேலையை விட்டு அனுப்புவது. டாக்டருக்கு அது தெரியும்.

மறுநாள் லோகேஸ்வரி வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் இல்லை, கல்லூரியில் படிக்கும் மகள் ஒருத்தி, பக்கத்து அடுக்குமாடியில் வீடு. வலது கையை, பிறர் பொருளைத் தூக்கிக்கொண்டு வருகிறவளைப் போல, இடது கையில் ஏந்திக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். விரல்கள் விறைத்து நின்றன.

டாக்டர் புது அட்டை எடுத்தார். "எப்போ இருந்தும்மா?"

"கொஞ்ச நாளாச்சு டாக்டர்."

"தேதி?"

அவள் ஏந்தியிருந்த கையை மடியில் இறக்கி வைத்தாள். வீட்டில் ஏதாவது? இல்லை. யாராவது இறந்துபோனார்களா? இல்லை. சின்ன வயதில்? இல்லை. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். வெளியே ஷர்வின் ஆறாவது இழவுக்கு முகத்தைத் தயார் செய்துகொண்டிருந்தான். கதை கேட்டே பழகிய டாக்டருக்கு, கதை இல்லாத நோயாளியைப் பார்த்ததும் எரிச்சல் வந்துவிட்டது. அவருக்கே அது புதிசு. ஒருவேளை குணாளன் சொன்னதுதான் சரியோ?

"இங்க பாரும்மா, கதை இல்லாம இப்படி வலி வராது. ஒன்னுமே இல்லன்னா நான் ஒன்னுமே இல்லன்னுதான் எழுதணும்."

லோகேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள்.

"கதை இருக்கு டாக்டர். உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான்."

"எனக்கா?"

"மார்ச் பதினாலு. சலேஹாவை இந்த ரூமுக்குத்தான் கொண்டாந்தோம். துண்டைச் சுத்திப் பிடிச்சிட்டு நின்னது நான்தான். உங்களுக்கு ஞாபகம் இருக்காது."

ஞாபகம் வந்துவிட்டது. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தொழிற்சாலைப் பஸ்ஸில் வந்து போகிற பெண் சலேஹா. பிளாஸ்டிக் வார்க்கும் அச்சு இயந்திரத்தில் இரண்டு விரல் நசுங்கியது. ஒப்பந்தப்படி நேரே ஆஸ்பத்திரிக்குப் போகாமல் முதலில் பேனல் கிளினிக்குக்குத்தான் கொண்டுவந்தார்கள். அவர் ரத்தத்தை நிறுத்திக் கட்டுப் போட்டு, ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். கட்டுப் போடும்போது அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்: "கவரை நான் கழட்டல டாக்டர், சூப்பர்வைசர்தான் கழட்டினாரு, வேலை சீக்கிரம் ஆகணும்னு." அவர் "ம், ம்" என்றார். பிறகு குணாளன் ஒரு படிவத்தை நீட்டினான். விபத்துக்குக் காரணம் என்ற இடத்தில் ஏற்கனவே அச்சடித்திருந்தது: தொழிலாளி தானே பாதுகாப்பு மூடியைக் கழற்றினார். டாக்டர் கையெழுத்துப் போட்டார். அவசரம். அன்று சாயங்காலம் ஹோட்டலில் அவருக்குச் சொற்பொழிவு இருந்தது.

சொற்பொழிவின் தலைப்பு, 'நோயாளியின் குரலைக் கேட்பது எப்படி'. கைதட்டல் பிரமாதம் என்று வந்தவர்கள் சொன்னார்கள்.

"அப்புறம் குணாளன் சார் என்கிட்டயும் ஒரு பேப்பர் நீட்டினாரு" என்றாள் லோகேஸ்வரி. "சலேஹாதான் கழட்டுனதை நான் பாத்தேன்னு சாட்சி. எனக்கு மனசு வரல. நான் பாத்தது சூப்பர்வைசரை. நின்னுட்டே இருந்தேன். சார் சொன்னாரு, டாக்டரே சைன் போட்டுட்டாரு, உனக்கென்னன்னு. டாக்டரே போட்டுட்டாரு, அப்புறம் நான் யாரு லா? உங்க மேசையிலதான் போட்டேன். உங்க பேனாதான். சலேஹாவை மறுமாசம் வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் கொஞ்சங் கொஞ்சமா இந்தக் கை..."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் டாக்டருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்; அழுகிறவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

"ஹாஜரா!" என்று கூப்பிட்டார். "மார்ச் மாசத்து ஃபைல்."

ஹாஜரா எடுத்துக்கொண்டு வந்தாள். தேடவே இல்லை, முன்மேசை இழுப்பறையில் கைக்கெட்டும் இடத்திலேயே வைத்திருந்தாள் போலிருக்கிறது. மேலே அவருடைய கையெழுத்து, அடியில் லோகேஸ்வரியின் கையெழுத்து, இரண்டையும் சேர்த்து ஒரே பின். அவருடையது வழக்கம்போல வேகமாக ஓடியிருந்தது. அவளுடையது முதல் எழுத்திலேயே நடுங்கியிருந்தது.

"டாக்டர், ஒன்னு கேக்கவா?" என்றாள் ஹாஜரா. "உங்க தோளு எப்போ இருந்து?"

அவர் வாயைத் திறந்தார். பேட்மிண்டன் என்று சொல்வதற்குத்தான் திறந்தார். ஏப்ரலில் புத்தாண்டுக்குச் சட்டை போட முடியாமல் வீட்டுக்காரியைக் கூப்பிட்டது நினைவுக்கு வந்தது. அதற்கு முன்னால், மார்ச் கடைசியில், பேனல் படிவங்களில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் சுள்ளென்றது. அதற்கும் முன்னால் வலி இல்லை. நன்றாக யோசித்துப் பார்த்தார். இல்லை. அறுபது வயது மனிதர், ஒரு நோயாளிக்கு முன்னால், வெட்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர்மேல் எவ்வளவோ எரிச்சல் உண்டு, ஆனால் அந்த இடத்தில் பாவமாகத்தான் இருக்கிறது.

"என்னை மன்னிச்சிடும்மா" என்றார்.

"நான் மன்னிச்சு என்ன டாக்டர் ஆவப்போவுது? வெள்ளிக்கிழமைக்கு என்ன எழுதப் போறீங்க, அதைச் சொல்லுங்க."

நியாயமான கேள்வி. அன்று மத்தியானம் கிளினிக்கை மூடிவிட்டு இரண்டு கடிதம் எழுதினார். முதலாவதில், லோகேஸ்வரியின் கை நடிக்கவில்லை, மனசில் பட்ட அடி கையில் இறங்கியிருக்கிறது, சிகிச்சை தேவை, வேலையை விட்டு நீக்குவது தவறு என்று எழுதினார். அதை இருபத்தாறு வருடமாக எழுதிப் பழகியவர், கை ஓடியது. இரண்டாவதுதான் ஓடவில்லை. 'மார்ச் பதினான்காம் தேதி நான் கையெழுத்திட்ட படிவத்தில் காரணம் என்று இருப்பது நான் கண்டதல்ல. பிறர் அச்சடித்ததை நான் வாசிக்காமல் ஒப்புக்கொண்டேன்' என்று எழுதிவிட்டு நிறுத்தினார்.

"வாசிச்சீங்க டாக்டர்" என்றாள் தட்டச்சு செய்துகொண்டிருந்த ஹாஜரா. "நான் பாத்தேன்."

'வாசிக்காமல்' என்பதை 'வாசித்தும்' என்று திருத்தினார். சலேஹா கட்டுப் போடும்போது சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை கீழே எழுதினார். அது அவருக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. தொழிற்சாலைக்கு ஒன்று, தொழிலாளர் இலாகாவுக்கு ஒரு நகல், சலேஹாவுக்கு ஒரு நகல்.

குணாளன் போன் செய்து, "என்ன டாக்டர் இப்படிப் பண்ணிட்டீங்க, நம்ம ஆளுன்னு நெனச்சேனே" என்று வருத்தப்பட்டான். பத்தாம் நாள் ஆள் வந்து வாசல் பலகையைக் கழற்றிக்கொண்டு போனான். கூடவே கூட்டமும் பாதி போய்விட்டது. நரி வலம் போனாலென்ன இடம் போனாலென்ன, எம்சி கிடைத்தால் சரி என்கிற ஜனம், வேறு பேனல் கிளினிக்கைத் தேடிக்கொண்டது. சலேஹாவின் விசாரணையைத் திரும்பத் திறந்திருக்கிறார்கள், இன்னும் முடியவில்லை. விசாரணைக்கு லோகேஸ்வரி போய், முன்பு சொன்னது பொய் என்று சொன்னாள். அவளை நீக்க முடியாமல் பொட்டலம் கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். வலது கையில் மூன்று விரல் மடங்குகிறது. மற்ற இரண்டும் பிடிவாதமாக நிற்கின்றன.

டாக்டர் பன்னிரண்டாவது டின்னைத் திறந்து முதல் அட்டையில் தன் பேரை எழுதிப் போட்டார். தோள் வலி போகவில்லை. கொஞ்சம் குறைந்திருக்கிறது என்கிறார், வீட்டுக்காரி நம்பவில்லை.

போன திங்கட்கிழமை ஷர்வின் வந்தான். எங்கே போனாலும் தேதி டாக்டரைப் போலக் கண் கலங்க ஆள் கிடைக்கவில்லையாம். டாக்டர் அட்டையை எடுக்கக் கை நீட்டி, வலியில் முகம் சுளித்தார்.

"என்ன டாக்டர் தோளு, இன்னுமா பேட்மிண்டன்?"

"இல்ல தம்பி" என்றார். "கையெழுத்து. போடக்கூடாத எடத்துல போட்டேன்."

ஷர்வின் அவரை ஏற இறங்கப் பார்த்தான். தொழில் தெரிந்தவன், ஒரு கதை உண்மையா இல்லையா என்று அவனுக்குத் தெரியாதா? தன் பெரியப்பாவை அன்றைக்குச் சாகடிக்காமல் விட்டுவிட்டான். பிறகு நிஜமான அக்கறையோடு கேட்டான்:

"அதுக்கு எத்தனை நாள் எம்சி டாக்டர்?"