கவர் இல்லாமல் கோவண்டிக்கு

நஜிமுதீன் தாராவியில் கம்ப்யூட்டர் கடை போட்டபோது முதல் கொடுத்தவள் அவருடைய தங்கை சைனப். காயல்பட்டினத்து உம்மா ஒருத்தி ஏழு வருஷ இடைவெளியில் பெற்ற பிள்ளைகள் இருவரும். சைனப்பின் புருஷன் சவூதியில் இறந்துபோக, வந்த பணத்தை அவள் அப்படியே அண்ணன் கையில் தந்தாள். வட்டி வாங்கும் வழக்கம் அந்த வீட்டில் எந்தத் தலைமுறையிலும் கிடையாது. லாபம் வந்தாலும் மூன்றில் ஒரு பங்கு அவளுக்கு, நட்டம் வந்தாலும் மூன்றில் ஒரு பங்கு அவளுக்கு. எழுத்து ஒன்றும் இல்லை, உம்மாதான் சாட்சி.

ரமலான் கடைசியில் நஜிமுதீன் கோவண்டிக்குப் போய், தங்கை வீட்டில் நோன்பு திறந்து, கஞ்சி குடித்துவிட்டு, லாபக் கவரைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வருவார்.

கொரோனாவில் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பள்ளிக்கூடம் என்றதும் கடை கூட்டம் தாங்கவில்லை. பழைய லேப்டாப்புக்குக்கூட வரிசை நின்றது. ஐந்து வருஷ வியாபாரம் ஒன்றரை வருஷத்தில் முடிந்துபோனது என்பது அவருக்குப் பிறகுதான் விளங்கியது. வாங்கியவன் மறுபடி எதற்கு வாங்குவான்? மிச்ச வேலையைப் போன் பார்த்துக்கொண்டது. அலமாரியில் ஒன்பது புது லேப்டாப் பெட்டிகள் பிரிக்காமலே விலை இறங்கிக்கொண்டிருந்தன.

இரண்டு வருஷமாக லாபமில்லை. அதைத் தங்கையிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஸ்கூட்டரை விற்றார், சேமிப்பைக் கரைத்தார், கவரின் கனம் குறையாமல் பார்த்துக்கொண்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை சைனப் கடைக்குள் வந்து உட்கார்ந்தாள். மடியில் துணிப்பை.

“காக்கா,” என்றாள். அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவது அவர்கள் ஊரில். “அதீபா கல்யாணத்துக்கு வச்ச பத்துப் பவுனு. மாப்பிள அமைய இன்னும் ரெண்டு வருஷமாவது ஆவும். சும்மா கெடந்து என்ன செய்யப்போவுது? கடையில போடுங்க.”

“சாய் சொல்லட்டா?”

“சாய் கெடக்கட்டும். எல்லாக் கடையும் தூங்குதுங்காங்க. நம்ம கடையில மட்டும் லாபம் கொறையவே இல்லியே.”

தான் வைத்த கவர்தான் தங்கை மகளின் நகையை இங்கே கூட்டி வந்திருக்கிறது என்று நஜிமுதீனுக்கு உறைத்தது. இதற்கு மேல் மறைத்தால் அந்தப் பிள்ளையின் கழுத்து வெறுங்கழுத்தாகும்.

“ரெண்டு வருஷமா லாபமே இல்லம்மா.”

“அப்ப குடுத்தது?”

“என் கைக்காசு.”

சைனப் அலமாரிப் பெட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

“லாபமில்லாம வருஷாவருஷம் ஒரே தொகை குடுத்தா அதுக்குப் பேரென்ன? என்னய வட்டி திங்க வச்சிட்டீங்களே, காக்கா.”

“நீ சங்கடப்படுவியேன்னு...”

“லாபத்துக்கு மட்டுந்தான் தங்கச்சியா நான்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அவள்தான் மறுபடி கேட்டாள்.

“இப்ப யாருதான் வர்றாங்க?”

“பழச ரிப்பேர் பண்ண வர்றாங்க. புதுசு கேக்கத்தான் ஆளில்ல.”

“அப்ப ரிப்பேரப் பாருங்க. இந்த ஒம்பதையும் வந்த வெலைக்குத் தள்ளுங்க. நட்டத்துல எம்பங்கு எம்மேல. அந்த ரெண்டு கவரையும் என் முதல்ல கழிச்சிருங்க. பவுனு அதீபாவுக்கு.”

நகையோடு அவளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் அவர் ஷட்டரை இறக்கினார்.

“பட்டப்பகல்ல கடைய அடைக்கிறீங்களே, ஆளு வந்தா?”

“வந்தா அதிசயந்தான். நாளைக்கு வரச் சொல்லி எழுதி ஒட்டிருவோம்.”

சைனப் சிரித்துவிட்டாள். ரயிலில் பை இருவருக்கும் நடுவில் இருந்தது. தங்கை வீட்டுப் படியை நஜிமுதீன் கவர் இல்லாமல் வெறுங்கையோடு ஏறியது அன்றுதான் முதல் தடவை. அவர் தட்டில் சோறு இரண்டு கரண்டி கூடுதலாகவே விழுந்தது.