கடலுக்குப் போகாத நாள்

நான் ரத்த அழுத்த மாத்திரை வாங்கும் கடை புதுப்பட்டினம் கடைத்தெருவில் இருக்கிறது. அங்கே பார்மசிஸ்டாக இருக்கும் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். எந்த மருந்தை எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, வாங்க வந்தவரைத் திருப்பிச் சொல்லச் சொல்வார். சொன்னால்தான் மாத்திரை கைக்கு வரும்.

ஐப்பசி மாதம் ஒரு மீனவர் மூட்டுவாதத்துக்குப் புதிதாக எழுதிய சீட்டுடன் வந்தார். மஞ்சள் மாத்திரை, வாரத்துக்கு ஒன்றே ஒன்று. எந்தக் கிழமை போடுவீர்கள் என்று பார்மசிஸ்ட் கேட்டார்.

"கெழமையெல்லாம் யாரும்மா பாத்துகினு கீறாங்க?"

அவருடைய குப்பத்தில் செவ்வாய்க்கிழமை மட்டும் யாரும் கடலில் இறங்குவதில்லை. பார்மசிஸ்ட் அதைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ கடலுக்குப் போகாத அன்னிக்கு ஒண்ணு. திருப்பிச் சொல்லுங்கண்ணே."

"கடலுக்குப் போவாத அன்னிக்கு ஒண்ணு."

பக்கத்தில் நின்றிருந்த எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது.

இரண்டு செவ்வாய் போயிருக்கும். வங்கக்கடலில் தாழ்வு மண்டலம். 'மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்': நிருபராக இருந்த காலத்தில் இந்த வரியை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. படகுகள் எட்டு நாள் மணலிலேயே கிடந்தன.

ஒன்பதாம் நாள் காலை, நான் என் மாத்திரைக்காக நின்றிருந்தபோது, அந்த மீனவரின் மனைவி கடைக்கு வந்தார்.

"வூட்டுக்காரருக்கு வாயெல்லாம் புண்ணு பாப்பா. கஞ்சி கூட எறங்கல. ஒரு ஆயின்மெண்ட் குடு. அந்த மஞ்ச மாத்திரையும் தீந்துபோச்சி, ஒரு அட்டை குடு."

ஓர் அட்டையில் பத்து மாத்திரை. பத்து வாரத்துக்கு வர வேண்டியது. பார்மசிஸ்ட் அந்த அம்மாவின் போனை வாங்கி, அவருடைய கணவரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, இந்த வாரம் மாத்திரை எத்தனை போட்டீங்க?"

குரல் கரகரத்தது. "நீ சொன்ன மாரிதாம்மா. கடலுக்குப் போவாத நாளுக்கு ஒண்ணு. எட்டு நாளு, எட்டு."

"ஜுரம் இருக்கா?"

"நேத்துலேர்ந்து கீது."

பார்மசிஸ்ட் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அக்கா, இப்பவே செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போங்க."

"வாய்ப்புண்ணுக்கா? இன்னா பாப்பா, பேஜாரு பண்ற!"

"புண்ணு வாயோட நிக்காதுக்கா. அந்த மாத்திரை அளவு மீறினா ரத்தத்துல அணுக்களக் கொறைச்சிடும். உசுரு போயிடும்."

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். என் கார் வெளியே நின்றிருந்தது. நான் சாவியை எடுப்பதற்குள் பார்மசிஸ்ட் ஒரு தாளில் எழுத ஆரம்பித்திருந்தார். மருந்தின் பெயர், அளவு, எட்டு நாள், எட்டு மாத்திரை. கடைசி வரி: 'கடலுக்குப் போகாத நாளில் ஒன்று என்று சொன்னது நான்.' கீழே கையெழுத்தும் பதிவு எண்ணும். நாங்கள் பத்திரிகையில் திருத்தம் போடும்போது யார் செய்த தவறு என்று சொன்னதில்லை.

குப்பத்தில் மீனவரை ஏற்றிக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம். பின் சீட்டில் அவர் துண்டில் துப்பிக்கொண்டே வந்தார். துண்டில் சிவப்பு இருந்தது. அவர் மனைவி அதை மடித்து மடித்து மறைத்தார். நான் கண்ணாடியைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன்.

பணியில் இருந்த டாக்டர் தாளை ஒரு முறை படித்தார். வேறு கேள்வி கேட்கவில்லை. ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு, இன்னொரு டாக்டருக்குப் போன் செய்தார். அன்று மதியமே அந்த மாத்திரையை முறிக்கும் மருந்து ஏறியது. மீனவர் பன்னிரண்டு நாள் வார்டில் இருந்தார்.

மார்கழியில், உடம்பு பாதியாகி, கடைக்கு வந்தார். மஞ்சள் மாத்திரையை நிறுத்தி வேறு எழுதியிருந்தார்கள்.

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. தினமும். திருப்பிச் சொல்லுங்கண்ணே."

"கடலுக்குப் போற அன்னிக்கா, போவாத அன்னிக்காம்மா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பார்மசிஸ்ட் சிரிக்கவில்லை. மீனவர் நீட்டிய கைக்கு எட்டாமல் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"திருப்பிச் சொல்லுங்கண்ணே."